இறக்குப் பாட்டில் நான்கு விநாடி

ஜூன் 3

அன்பு மகளுக்கு, உன் பெரியப்பா தன் கையால் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

‘தன் கையால்’ என்பதை இன்னொரு முறை படித்துக்கொள். மேலே உள்ள வரிகளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நூலகத்துக்குப் பின்னால் மாலை வகுப்பு நடத்தும் வாத்தியாரம்மா, பிழை பார்த்துத் தருகிறேன் என்றார். அறுபத்தாறு வயதில் முதல் கடிதம் எழுதுகிறவன் கொஞ்சம் பிழையோடு எழுதினால்தான் அழகு என்றேன். அப்படியானால் கடிதம் முழுக்க அழகாகத்தான் இருக்கும் என்றார்.

படிக்கத் தெரிந்த பிறகு தெருவெல்லாம் வாய் முளைத்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் இருபது வருடமாக நான் உட்காரும் சுவரில் ‘இங்கே உட்காரக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. இருமல் மருந்துப் புட்டியில் ‘நன்றாகக் குலுக்கிய பின் குடிக்கவும்’ என்று போட்டிருக்கிறது. நான் இத்தனை நாளும் மேலே நின்ற தண்ணீரைத்தான் குடித்திருக்கிறேன்.

உன் படிப்பின் பெயரையும் படித்துவிட்டேன். இன இசையியல். ஏழு எழுத்து. இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டுப் படிப்பு என்றுதான் சொல்லிவந்தேன். தேநீர்க் கடைக்காரர், “பாட்டுக்கு ஒரு படிப்புன்னா, கொட்டாவிக்கும் ஒண்ணு வச்சிருப்பாங்களே” என்றார். வைத்தால் நீங்கள்தான் அங்கே பேராசிரியர் என்றேன்.

போனில் உன் குரல் எனக்கு ரயில் போன பிறகு தண்டவாளத்தில் மிச்சமிருக்கும் ஓசை மாதிரிதான் கேட்கிறது. இனிமேல் கடிதம் போடு. எழுத்தைப் பெரிதாக எழுது.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
பெரியப்பா


ஜூன் 20

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? புட்டியைக் குலுக்குகிறீர்களா? அம்மாவைத் தையல் மெஷினிலிருந்து அவ்வப்போது எழுப்பி நடக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லோருக்கும் காட்டினேன். என் அறைத்தோழி இரண்டு முறை வாங்கிப் படித்தாள். எழுதியவர் அப்பாவா என்று கேட்டாள். மூன்று வயதிலிருந்து என்னை வளர்த்தவர், அப்பாவின் அண்ணன் என்றேன். அப்பாவுக்கு என்ன ஆனது என்றாள். தண்டவாளம் தூக்கும்போது, அதைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி வழுக்கி விபத்தில் இறந்துவிட்டார் என்றேன்.

இந்த வருடம் முதுகலைக்கு ஆய்வேடு எழுத வேண்டும். எடுத்திருப்பது ரயில் பாதை கேங்கில் நீங்கள் பாடிய பாட்டைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில், உங்கள் பின்னறையில் உட்காரவைத்துப் பதிவு செய்தேனே, அந்தப் பதினொரு பாட்டுகள். எங்கள் துறையில் காற்றுக்கூடப் புகாத ஒரு சிறிய அறை இருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு. அங்கே காலையிலிருந்து மாலைவரை உங்கள் குரலோடுதான் இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான்காவது பாட்டு, தண்டவாளத்தைத் தரையில் இறக்கும் பாட்டு. ‘போடு’ என்று நீங்கள் சொல்வதற்கு முன் ஓர் இடைவெளி வருகிறது. அந்தப் பாட்டை மூன்று நாள் மூன்று தடவை பாடினீர்கள். மூன்றிலும் அந்த மௌனம் நான்கு விநாடி, முடி அளவும் கூடவில்லை, குறையவில்லை. மற்ற எந்தப் பாட்டிலும் இப்படி இல்லை. அன்றைக்கே கேட்டேன். மூச்சு வாங்க என்றீர்கள். அது சரிதானே? என் மூன்றாம் அத்தியாயமே அந்த நான்கு விநாடியில்தான் நிற்கிறது. பாட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு, பாடகன் வாய் மூடும் இடத்தைப் பற்றி எழுது என்று என் வழிகாட்டிப் பேராசிரியை சொல்லியிருக்கிறார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
மகள்


ஜூலை 9

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று உன் எழுத்தின் உருண்டையே சொல்கிறது.

என் குரலோடு ஒரு பிள்ளை நாள் முழுக்கப் பஞ்சு அறையில் இருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் நடுநடுவே வெளியே வந்து காற்று வாங்கு. என் குரலை முப்பது வருடம் கேட்ட கேங் ஆட்களே ஞாயிற்றுக்கிழமை ஓடி ஒளிவார்கள்.

வேலையைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குக் கை நிற்காது. எட்டு இடுக்கி, ஒவ்வோர் இடுக்கிக்கும் இரண்டு பேர், ஆகப் பதினாறு பேர். பாடுகிறவன் தூக்க மாட்டான். பக்கத்தில் பின்னோக்கி நடந்தபடி பதினாறு முகத்தையும் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். பாட்டு என்றால் பெரிய பாட்டு இல்லை. அன்றன்று நடந்ததை வைத்துக் கட்டுவதுதான். மேஸ்திரியின் வயிறு, ஒருவனுடைய கல்யாணம், இன்னொருவனுடைய மாமியார். நடக்கும்போது சிரிப்பு வரிதான் பாட வேண்டும். சிரித்தால் கனம் தெரியாது. இறக்கும்போது மட்டும் சிரிப்பு கூடாது. அது முதல் பாடம். பதினாறு கையும் ‘போடு’ என்ற சொல்லில்தான் விட வேண்டும். அதற்கு முன் ஒரு கை விட்டாலும்

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. இது வேறு பேனா.

உன் அம்மா இப்போது மாலையில் நடக்கிறாள். அடுத்த தெரு முனைவரை போய் வருகிறாள். வாத்தியாரம்மா எங்களுக்கு நாளிதழ் வாசிக்கப் பழக்குகிறார். எனக்கு வானிலைப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. தவறாகச் சொன்னாலும் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

நீ கேட்டது மூச்சு வாங்கத்தான்.

என்றும் அன்போடு
பெரியப்பா


ஜூலை 22

அன்புள்ள பெரியப்பா, நலமாக இருக்கிறீர்களா? இங்கே மூன்று நாளாகத் தலைவலி. வேறொன்றும் இல்லை, படிப்புத் தலைவலிதான். கவலை வேண்டாம்.

நீங்கள் எழுதிய விதியை அப்படியே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டேன். சிரிப்பு நடக்கும்போது, மௌனம் இறக்கும்போது. இறக்கும் முன் பதினாறு பேரும் ஒரே மூச்சை இழுத்துக்கொள்ள நான்கு விநாடி. பேராசிரியை படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அக்டோபர் கடைசியில் சமர்ப்பித்துவிடலாம், மேற்படிப்புக்கு இந்த ஓர் அத்தியாயமே போதும் என்றார்.

ஒரே ஒரு குறை. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து இத்தனை பெரிய முடிவுக்கு வரக் கூடாதாம். தூக்கிய ஒருவரும் சொல்ல வேண்டும். ஓய்வூதிய அலுவலகத்தில் விசாரித்தேன். உங்கள் கேங்கில் இருந்தவர்களில் ஒருவர்தான் இப்போது நடமாட்டத்தோடு இருக்கிறார். ‘சுத்தியல்’ என்று நீங்கள் பதிவில் சொல்வீர்களே, அவரேதான். ரயில் பாதை முடியும் ஊரில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டிப் போகிறேன். இத்தனை நாள் ஏன் அவரைப் பார்க்கவே இல்லை நீங்கள்? என்னோடு வாருங்களேன்.

ஆவலுடன்
மகள்


ஆகஸ்ட் 2

அன்பு மகளுக்கு, பெரியப்பா. நான் சுகம். உனக்குத் தலைவலி என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

சுத்தியலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். அவனுக்கு ஞாபகம் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். ஞாபகம் இருந்த காலத்திலேயே அவன் பாதி கற்பனைதான் பேசுவான். நாலடிப் பாம்பைக் கொன்றுவிட்டு நாற்பதடி என்பான். அவன் பேச்சை வைத்து எழுதினால் உன் ஆய்வேட்டுக்குத்தான் கெட்ட பெயர்.

அந்தப் பாதையில் பாலம் பழுது பார்க்கிறார்கள் என்று நாளிதழில் படித்தேன். உன் அம்மாவுக்கும் முழங்கால் வலி. அந்த விடுமுறையை இங்கே வந்து கழித்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். நான்கு விநாடிக்கு இத்தனை அலைச்சல் எதற்கு? வேறு ஏதாவது பாட்டை எடுத்துக்கொள். ஏழாவது நல்ல பாட்டு. அதில் மேஸ்திரி சேற்றில் விழுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியப்பா


ஆகஸ்ட் 3

சுத்தியலுக்கு, உன் பழைய பாட்டுக்காரன் எழுதுவது. உயிரோடும் உடம்போடும் இருக்கிறாய் என்று தெரிந்தது. சந்தோஷம். நானும் இருக்கிறேன். நாம் பேசி இருபத்திரண்டு வருடம் ஆகப்போகிறது. பேசாமல் போனது நீதான். உன் மேல் தப்பு இல்லை.

இந்த மாதம் நடுவில் ஒரு பெண் உன்னைப் பார்க்க வருவாள். படிக்கிற பிள்ளை. அவள் என் தம்பியின் மகள். அன்றைக்கு மூன்று வயது. நம் பாட்டைப் பற்றிக் கேட்பாள். இறக்குப் பாட்டில் நாம் ஏன் சும்மா நிற்போம் என்று கேட்பாள். மூச்சு வாங்க என்று சொல்லிவிடு. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அந்த இடத்தில் அன்றைக்கு நான் என்ன பாடினேன் என்று அவளுக்குச் சொல்லாதே. என் பாட்டால்தான் அவள் அப்பன் கையை விட்டான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் அம்மாவுக்கும் தெரியாது. இடுக்கி வழுக்கியது என்று அன்றைக்கு நாங்கள் பதினைந்து பேரும் மேஸ்திரியிடம் சொன்னதை நீ மட்டும் சொல்லவில்லை, தலையை ஆட்டினாய். இந்த ஒரு தடவையும் தலையை ஆட்டிவிடு.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

பாட்டுக்காரன்


ஆகஸ்ட் 19

பெரியப்பாவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். பதினாறாம் தேதி அந்த இல்லத்துக்குப் போனேன். பாலம் பழுதாகவில்லை.

அவர் வராந்தாவில் ஒரு நாற்காலிக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தார். ஞாபகமெல்லாம் நன்றாகவே இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். அங்கே கடிதம் படித்துக் காட்டும் நர்ஸ் பத்து நாள் விடுப்பாம். “நல்ல நேரத்துல வந்தம்மா. நாலு நாளா இத வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கொஞ்சம் படி.”

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டீர்கள், பெரியப்பா. அவர் கற்றுக்கொள்ளவில்லை.

முதல் எழுத்திலேயே யாருடைய கை என்று தெரிந்துவிட்டது. சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. ‘கிழித்துப் போடு’ வரைக்கும் படித்தேன். ‘அவள் அப்பன்’ என்ற இடத்தில் என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே கேட்கவில்லை.

அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். “நீதான் வாலா?” என்றார். வாலு என்று அப்பா எனக்கு வைத்த செல்லப்பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் என்ன பாடினீர்கள் என்று கேட்டேன். “அத என்கிட்ட கேக்காத. நான் தூக்குனவன். பாடுனவன்கிட்ட கேளு.”

கேட்கிறேன். என்ன பாடினீர்கள்?

மகள்


செப்டம்பர் 14

பெரியப்பாவுக்கு,

இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அம்மா போனில் சொன்னாள். தினமும் வகுப்புக்குப் போகிறீர்களாம். நாளிதழ் வாசிக்கிறீர்களாம். அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு வாரம்தான் இருக்கிறது. மூச்சு வாங்க என்று எழுதிய முப்பது பக்கமும் மேசை மேல் கிடக்கின்றன. அதை அப்படியே கொடுத்தால் என் அப்பா சாவின் மேல் உட்கார்ந்துகொண்டு பொய் எழுதியவள் ஆவேன். எடுத்துவிட்டால் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. பஞ்சு அறைக்குப் போய் அந்த நான்கு விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். உங்கள் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான்.

வரியை எழுதுங்கள்.

மகள்


செப்டம்பர் 23

மகளுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இதை எழுத ஐந்து நாள் ஆகிறது. எழுத்து தெரியாததால் இல்லை.

உன் அப்பனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். சின்ன வயதில் என்னோடு சுவர் தாண்டும்போது உடைந்தது. அதனால் சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வான். கல்யாணப் புகைப்படத்திலும் அப்படித்தான் இருக்கிறான். நீ அதைப் பார்த்து, அப்பா ஏன் இருமுகிறார் என்று கேட்டிருக்கிறாய். பாடுகிறவன் பதினாறு முகத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். யாருக்குத் தோள் இறங்கும், யாருக்குக் கை வியர்க்கும், யார் சிரித்தால் என்ன செய்வான். கேங்கில் எல்லோரையும்விட அவனைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காலை அவனுடைய ஒரு பூட்ஸ் காணவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. வலது காலில் பூட்ஸும், இடது காலில் உன் அம்மாவின் பூப்போட்ட செருப்புமாக ஓடி வந்தான். பாதை ஓரத்தில் நின்ற எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரன் அந்தச் செருப்பைப் பாட்டில் எங்கே வைக்கப் போகிறான் என்று. நானும் வைக்கவில்லை. தூக்கும்போது வைக்கவில்லை, நடக்கும்போது வைக்கவில்லை. காத்திருக்க வைத்தால் சிரிப்பு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியும். கெட்டிக்காரன் நான். இறக்கும் இடத்தில் வைத்தேன்.

வலது காலு வேலைக்குப் போகுது
இடது காலு விருந்துக்குப் போகுது

இதுதான் அந்த வரி. அவன் கடைசி இடுக்கியில் இருந்தான். பதினைந்து பேர் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார்கள். அவன் ஒரு கையை எடுத்து வாயை மூடினான். நான் இன்னும் ‘போடு’ சொல்லவில்லை.

மற்றதை எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் பாடினேன். வேறு தொழில் தெரியாது. இறக்குப் பாட்டில் அந்த இடம் வந்தால் என் வாய் நின்றுவிடும். யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பதினாறு பேரும் தண்டவாளத்தைப் பிடித்தபடி அந்த வரி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பார்கள். பிறகு ‘போடு’ என்பேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் இது மூச்சு வாங்கத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் திருத்தவில்லை. சுத்தியல் மட்டும் அந்த வருடமே வேறு கேங்குக்கு மாற்றிக்கொண்டு போனான்.

இதை நீ ஆய்வேட்டில் எழுதிக்கொள். பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு உன் சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைத்தேன். இப்போது கையெழுத்துப் போடுகிறேன். கீழே இருப்பது என் கையெழுத்து.

பெரியப்பா


அக்டோபர் 30

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எனக்கு உடம்பு நலம். மனம் எப்படி என்று கேட்காதீர்கள், நானும் உங்களிடம் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று வகுப்பு இருந்தது. படிக்கட்டில் நின்றுகொண்டே பிரித்தேன். நடந்ததைச் சொல்கிறேன், மறைக்க மாட்டேன். அந்த வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். அவர் செத்த வரி இது என்று தெரிந்துதான் படிக்கிறேன், அப்படியும் சிரிப்பு வந்துவிட்டது. கை தானாக வாய்க்குப் போனது. பக்கத்தில் போன பெண் என்ன ஜோக் என்று கேட்டாள். அதற்குப் பிறகு அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

மறுநாள் பஞ்சு அறையில் அந்த வரியை நான் பாடிப் பதிவு செய்து, உங்கள் மௌனத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக நான்கு விநாடி.

இன்னொன்று. ஒரு பூட்ஸ் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் காணாமல் போனது என்று எழுதவில்லை. நான் குழந்தையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வாலு என்ற பெயரே அதனால் வந்ததுதானாம். நீங்கள் எழுதாமல் விட்ட வரியையும் படித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் உங்கள் வாயை எது மூடிவைத்தது என்று இப்போது பாதியாவது புரிகிறது. கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

மூச்சு அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பேராசிரியையிடம் காரணத்தைச் சொன்னேன். “இதுதான் உன் அத்தியாயம். இத எழுது” என்றார். எழுத முடியாது என்றேன். அந்த வரி தெரியாத ஒருவர் இன்னும் வீட்டில் இருக்கிறார். என் அம்மா தன் புருஷன் எப்படிச் செத்தார் என்பதை ஓர் ஆய்வேட்டில் படிக்கக் கூடாது. சமர்ப்பிக்கும் நாளை மார்ச்சுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குள் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் சரி என்றால் எழுதுவேன். வேண்டாம் என்றால் வேறு படிப்பு பார்த்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்து உங்களுக்கு இப்போது ஒளிந்துகொள்ள நல்ல இடமாகிவிட்டது. நேரில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பூட்ஸையும் விடாமல் சொல்லுங்கள்.

மகள்


நவம்பர் 21

அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது. நான் இருக்கிறேன். உன் அம்மா நான்கு நாளாகத் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். உடம்பு நலம் என்று அக்கா வீட்டார் சொல்லியனுப்பினார்கள். எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. சாவியை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

சொல்ல எனக்குப் பதினைந்து நாள் ஆனது. மூன்று தடவை முன்னறைவரை போய் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன். ஒரு தடவை ஊசி நூல் வேண்டும் என்று கேட்டேன். வாங்கி வந்து ஒரு பொத்தானை அறுத்து மறுபடி தைத்தேன்.

நாலாம் தடவை காலையில் போனேன். அவள் மெஷினில் ஒரு சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பூட்ஸ் காணாமல் போனதிலிருந்து ஆரம்பித்தேன். அதுவரை அவளுக்குத் தெரியும். தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்ததே அவள்தான். பிறகு இடுக்கி வழுக்கவில்லை என்றேன். மெஷின் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் காது மந்தம் என்பதால் நான் எவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்று தெரியவில்லை. அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வரியைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். “சொல்லாதீங்க, பாடுங்க” என்றாள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து அந்த வரியைப் பாடினேன். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. காலரின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“அவர் பயந்தாரா மாமா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பயப்பட நேரம் இருக்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான் என்றேன். என் வாயைப் பார்த்து மெதுவாக இன்னொரு முறை கேட்டாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று அப்படிக் கேட்டாள்.

“சிரிச்சாரா?”

“ஆமாம்மா.”

“கையை வச்சு வாய மூடிக்கிட்டா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உன் ஆய்வேட்டைப் பற்றியும் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. நீ காத்திருக்கத்தான் வேண்டும், நானும் காத்திருக்கிறேன். துணியை மடித்து வைத்தாள், மெஷினுக்கு உறை போட்டாள். அலமாரியிலிருந்து பையை எடுத்து நாலு புடவை வைத்தாள். வாசலுக்குப் போனவள் திரும்பி நின்று, என்னிடம் இல்லை, சுவரில் இருக்கும் கல்யாணப் புகைப்படத்திடம் சொன்னாள்.

“அந்தப் பல்லு அழகாத்தான் இருக்குன்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டீங்களா?”

உன்
பெரியப்பா